தெருவை எடுத்துக்கொண்டது யார்?

கேள்வி: எனக்கு வயது 62. எங்கள் ஊரில் விடுமுறை நாளில் காலையில் வீட்டை விட்டு இறங்கினால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் திரும்புவோம். கிணற்றில் குதித்தோம், மரம் ஏறினோம், காடு கரையெல்லாம் சுற்றினோம். எங்கே போனாய் என்று யாரும் கேட்டதில்லை. நன்றாகத்தானே வளர்ந்தோம்? சென்னைப் புறநகரில் இருக்கும் என் மகன் தன் பத்து வயதுப் பையனைத் தெருமுனைக் கடைக்குக்கூடத் தனியே அனுப்புவதில்லை. பேரன் செல்போனும் கையுமாகக் கிடக்கிறான். இந்தக் காலத்துப் பெற்றோர் பிள்ளைகளைக் கோழைகளாக்குகிறார்கள் என்று நீங்கள் எழுத வேண்டும்.
– ஒரு வாசகர், மயிலாடுதுறை

பதில்: எழுத மாட்டேன். பேரனை நினைத்து நீங்கள் படும் கவலை எனக்கும் இருக்கிறது. ஆனால் அதற்குக் குற்றவாளியாக உங்கள் மகனை நிறுத்துகிறீர்களே, அது நியாயமில்லை.

முதலில் உங்கள் கடிதத்தில் வரும் அந்த 'நாங்கள்' யார் என்று பார்ப்போம். கிணற்றில் குதித்த கூட்டத்தில் உங்கள் அக்காவோ தங்கையோ இருந்தார்களா? நம் காலத்து ஊர்களில் எட்டு வயதுப் பெண் பிள்ளை இடுப்பில் தம்பியைச் சுமந்துகொண்டுதான் விளையாட வந்தாள். பாண்டிக் கட்டத்தில் அவள் முறை வரும்போது தம்பியைத் திண்ணையில் இறக்கிவிடுவாள். அவன் அழுதால் ஆட்டம் முடிந்தது. தண்ணீர் எடுக்க, சாணி பொறுக்க, அடுப்புக்குச் சுள்ளி கொண்டுவர என்று அவளை ஆளாளுக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். வயதுக்கு வந்த அன்றோடு தெரு அவளுக்கு மூடப்பட்டது. பல வீடுகளில் பள்ளிக்கூடமும் அன்றோடு சரி. 1971 கணக்கெடுப்பின்படி இந்தியப் பெண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 22 சதவீதம். நீங்கள் விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீடு திரும்பியபோது, அந்த விளக்கை ஏற்றி வைத்திருந்தவள் உங்கள் அக்கா.

அந்தக் கிணறு யாருடையது என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. சேரியிலிருந்து வந்த பையன் உங்களோடு அதில் இறங்கியிருக்க முடியுமா? இறங்கியிருந்தால் அவன் அப்பாவுக்கு என்ன நடந்திருக்கும் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சிவகாசி, சாத்தூர் பக்கத்தில் விடிவதற்கு முன்பே தீப்பெட்டி ஆலைகளின் பஸ் ஊர் ஊராக வந்து, தூக்கம் கலையாத பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனதும் இதே காலத்தில்தான். குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-இல் வந்தது. அதற்குப் பத்து ஆண்டு கழித்தும் உச்ச நீதிமன்றம் இந்தச் சிவகாசி பிரச்சினையில் தலையிட்டு, வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பிள்ளைகளுக்கும் இன்று உங்கள் வயதுதான், அல்லது கொஞ்சம் குறைவு.

'நன்றாகத்தானே வளர்ந்தோம்' என்கிறீர்கள். வளர்ந்தவர்கள்தான் கடிதம் எழுதுகிறோம். 1971-இல் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 பேர் முதல் பிறந்த நாளைப் பார்க்கவில்லை. 2020-இல் அந்த எண்ணிக்கை 28. அந்தச் சாவுகளுக்கும் தெருவில் விளையாடியதற்கும் சம்பந்தமில்லை, சரி. நோயும் பட்டினியும் செய்த வேலை அது. ஆனால் கிணற்றில் குதித்து மேலே வராத பையன் ஒருவனாவது ஏறத்தாழ எல்லா ஊர்க் கதையிலும் இருக்கிறான். சில நாள் அந்தக் கிணற்றுப் பக்கம் யாரும் போவதில்லை, அப்புறம் மறுபடியும் குதித்தோம். அவன் அம்மா அந்த வழியைத் தவிர்த்துச் சுற்றிப் போனதை நாம் கவனிக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு, பேசச் சங்கடமானது. மத்திய அரசின் பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-இல் 13 மாநிலங்களில் செய்த ஓர் ஆய்வை வெளியிட்டது. குழந்தைகளில் 53 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகைப் பாலியல் சீண்டலுக்கு ஆளானதாகச் சொன்னார்கள். செய்தவர்களில் பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், குழந்தை நம்பியவர்கள். பெரும்பாலான குழந்தைகள் யாரிடமும் சொல்லவில்லை. நம் காலத்துக் குழந்தைகள் மட்டும் சொல்லியிருப்பார்களா? அன்று யாரும் எதுவும் கேட்காததைச் சுதந்திரம் என்கிறீர்கள். கேட்டிருந்தால் தப்பித்திருக்கக்கூடிய பிள்ளைகளும் நம்மோடு விளையாடிக்கொண்டிருந்தார்கள். இந்த ஆய்வு உங்கள் மகனும் கவனிக்க வேண்டியது. தெருமுனைக்கு அனுப்பாததாலேயே பிள்ளைக்குப் பாதுகாப்பு வந்துவிடாது. வீட்டுக்கு வந்து போகும் பெரியவர் தொட்டால் 'வேண்டாம்' என்று சொல்லவும், நடந்ததைப் பயமில்லாமல் வந்து சொல்லவும் பிள்ளைக்குப் பழக்கியிருக்க வேண்டும்.

இவ்வளவும் சொன்னதால் உங்கள் நினைவு பொய்யாகிவிடவில்லை. அந்தத் தெருவில் அருமையான ஒன்று இருந்தது, அதை இழந்ததில் எனக்கும் ஆற்றாமை உண்டு. கிட்டிப்புள் ஆட ஏழு பேர் சேர்ந்தால் ஏழு பேரும் வெவ்வேறு வயது. அணி பிரிப்பது, கோடு போடுவது, அவுட்டா இல்லையா என்று மணிக்கணக்காகச் சண்டை போட்டுப் பிறகு ஒத்துப்போவது, எல்லாமே பிள்ளைகள் தாங்களே செய்தது. மிகவும் சின்னப் பிள்ளை வந்து நின்றால் 'ஒப்புக்குச் சப்பாணி' என்று சேர்த்துக்கொண்டார்கள். அவன் ஆடலாம், ஆனால் அவுட் கிடையாது. அந்த ஏற்பாட்டை எந்த வாத்தியாரும் சொல்லித்தரவில்லை. அழுகிற குழந்தையையும் விடக்கூடாது, ஆட்டமும் கெடக்கூடாது என்று பிள்ளைகளே யோசித்துக் கண்டுபிடித்த நியாயம் அது. இன்று மாதக் கட்டணம் கட்டிச் சேர்க்கும் கிரிக்கெட் பயிற்சியில் வயதுவாரியாகப் பிரித்துவிடுகிறார்கள். சண்டை வந்தால் தீர்த்துவைக்கக் கோச் நிற்கிறார். அங்கே பந்து போடக் கற்கலாம். ஒப்புக்குச் சப்பாணி அங்கே பிறக்காது.

அது ஏன் போயிற்று? செல்போன் என்பீர்கள். இங்கிலாந்தில் நடந்த ஓர் ஆய்வைச் சொல்கிறேன். 1971-இல் அங்கே ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகளில் 80 சதவீதம் பேர் பெரியவர் துணையில்லாமல் பள்ளிக்குப் போனார்கள். அதே பள்ளிகளில் 1990-இல் போய்க் கேட்டபோது அது 9 சதவீதமாகிவிட்டிருந்தது. 1990-இல் எந்தப் பிள்ளையின் கையிலும் செல்போன் கிடையாது. பெற்றோர் முக்கியமாகச் சொன்ன காரணம் சாலையில் ஓடும் வாகனங்கள். அந்த இருபது ஆண்டுகளில் சாலை விபத்தில் சாகும் குழந்தைகளின் எண்ணிக்கை அங்கே வெகுவாகக் குறைந்தது. சாலை பாதுகாப்பாகிவிட்டது என்று அரசு சொல்லிக்கொண்டது. ஆய்வாளர்கள் சொன்னது வேறு: பிள்ளைகளைச் சாலையிலிருந்து அப்புறப்படுத்திவிட்டீர்கள், அதனால்தான் குறைந்தது.

நம் நாட்டுக்கு வாருங்கள். 1981-இல் இந்தியா முழுவதும் பதிவான மோட்டார் வாகனங்கள் சுமார் 54 லட்சம். 2019-இல் 29 கோடிக்கு மேல். உங்கள் பேரன் கடைக்குப் போக வேண்டிய தெருவில் இரண்டு பக்கமும் கார் நிற்கிறது, நடுவில் மிஞ்சிய இடத்தில் பைக்கும் தண்ணீர் லாரியும் போகின்றன. நடைமேடை என்று ஒன்று இருந்தால் அதன் மேல் டிரான்ஸ்பார்மரோ கடைப் பலகையோ இருக்கும். அந்தத் தெருவில் பத்து வயதுப் பையனைத் தனியே விட உங்கள் மகன் தயங்குவதைக் கோழைத்தனம் என்று நான் எப்படி எழுதுவேன்?

பள்ளிக்கூடமும் மாறிவிட்டது. காமராஜர் காலத்தில் ஊருக்கு ஊர் பள்ளி திறந்தார்கள். நாம் நடந்து போனது அப்படிப்பட்ட பக்கத்துப் பள்ளிக்கு. தெருவே ஒரே பள்ளியில் படித்தது, ஒரே மணி அடித்து ஒன்றாக வீடு திரும்பியது. இன்று ஒரே அடுக்ககத்துப் பிள்ளைகள் ஐந்து பள்ளிகளுக்கு ஐந்து வேனில் போகிறார்கள். ஒருவன் திரும்பும்போது இன்னொருவன் டியூஷனுக்குக் கிளம்பிவிடுகிறான். வீட்டிலும் துணையில்லை. 1970-களின் தொடக்கத்தில் தமிழகத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக நாலு குழந்தை. 2019–21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் அது 1.8. நம்மை யாரும் கண்காணிக்கவில்லை என்று நினைக்கிறோம். மூத்த பிள்ளைகள் கண்காணித்தார்கள். திண்ணையில் உட்கார்ந்திருந்த பாட்டிகள் கண்காணித்தார்கள். டீக்கடைக்காரர், 'இன்னார் வீட்டுப் பையன்தானே, வாய்க்கால் பக்கம் என்ன வேலை?' என்று அதட்டி அனுப்பினார். அப்பா அம்மாவுக்கு இருந்த தைரியம், ஊரே பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் வந்தது. உங்கள் மகனுக்கு அப்படி யார் இருக்கிறார்கள்?

இப்போது கசப்பான இடத்துக்கு வருகிறேன். அந்தத் தெருவை அழித்தது உங்கள் மகனின் தலைமுறை இல்லை. திண்ணையை இடித்துக் கார் நிறுத்த இடம் செய்தது நம் வயதுக்காரர்கள். மந்தையையும் குளத்தையும் மனை போட்டு விற்றவர்களும், பக்கத்துப் பள்ளி மட்டமென்று பிள்ளையைத் தூரத்துப் பள்ளி வேனில் ஏற்றியவர்களும் நம் வயதுக்காரர்கள்தான். நகராட்சி விளையாட்டுத் திடலில் வணிக வளாகம் எழும்பியபோது ஓட்டுரிமை நம்மிடம் இருந்தது. இன்று அதே தலைமுறை மிச்சமிருக்கும் சந்தில் பந்து ஆடும் பிள்ளைகளைப் பார்த்து, 'கார் கண்ணாடி உடையும், வேறு எங்காவது போங்கள்' என்று விரட்டுகிறது. போக வேறு இடம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் பதில் இல்லை. குழந்தை உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையின் 31-ஆவது பிரிவு விளையாடுவதைக் குழந்தையின் உரிமை என்கிறது. 1992-இல் இந்தியா அதை ஏற்றது.

நீங்கள் நேரடியாகச் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டு விதிப்படி 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில் சாலை போக மீதியில் பத்தில் ஒரு பங்கைப் பூங்காவுக்கும் விளையாட்டுத் திடலுக்குமாக உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும். ஓ.எஸ்.ஆர். நிலம், அதாவது திறந்தவெளிக்கு ஒதுக்கிய நிலம் என்பார்கள். உங்கள் மகன் இருக்கும் இடத்தில் அப்படி ஒன்று இருக்கிறதா, அங்கே இப்போது குப்பை கிடக்கிறதா, வேலி போட்டு யாராவது வைத்திருக்கிறார்களா என்று மனைப்பிரிவு வரைபடத்தை வாங்கிப் பாருங்கள். பேரனையும் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். போகும் வழியில் தெருமுனைக் கடைக்காரரிடம், இவன் என் பேரன், நாளையிலிருந்து தனியாக வருவான், கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி வையுங்கள். எங்கே நின்று, எந்தப் பக்கம் பார்த்து ரோடு கடப்பது என்று நீங்களே சில நாள் கூட நடந்து காட்டுங்கள். உங்கள் மகனுக்கு வேலைக்குப் போய் வந்த பிறகு அதற்கு நேரமில்லை. உங்களுக்கு இருக்கிறது.

நிலத்தை மீட்கக் கவுன்சிலருக்கு மனு எழுதினால் உங்கள் மகனிடமும் அந்தத் தெருப் பெற்றோரிடமும் கையெழுத்து வாங்குங்கள். நகல் ஒன்றை எனக்கு அனுப்புங்கள், அதை இதே பக்கத்தில் வெளியிடுகிறேன்.