22 லட்சத்துக்குப் பழைய தங்க ரோலக்ஸ்: முதலீடாக வாங்கலாமா?

கேள்வி: எனக்கு 43 வயது. கோவையில் லேத் பட்டறை நடத்துகிறேன். தெரிந்தவர் மூலம் பழைய ரோலக்ஸ் டே-டேட் தங்க வாட்ச் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 1990-ல் செய்தது, 120 கிராம் தங்கம், விலை 22 லட்சம் என்கிறார் வியாபாரி. பில் வேண்டாம், ரொக்கம் என்றால் ஒரு லட்சம் குறைப்பாராம். பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மகளின் கல்லூரிச் செலவுக்காக எஃப்.டி.யில் 24 லட்சம் வைத்திருக்கிறேன். தங்கமும் ஏறும், ரோலக்ஸும் ஏறும் என்பதால் அதை எடுத்து வாங்கலாமா?

பதில்: அந்த எஃப்.டி.யைத் தொடாதீர்கள். ஃபீஸ் கட்டும் நாள் அதிகம் போனால் இரண்டு வருடத்தில் வந்துவிடும். அந்த நெருக்கடியில் வாட்ச்சை விற்கப் போனால், விலையை வாங்குபவர்தான் சொல்வார். 2022-ன் தொடக்கத்தில் உச்சத்தில் இருந்த பழைய ரோலக்ஸ் விலைகள் அடுத்த மாதங்களிலேயே சரிந்தன. இங்கே தங்கம் அப்போது அப்படி விழவில்லை. இரண்டும் சேர்ந்தே ஏறும் என்று நம்பி மகளின் படிப்புப் பணத்தை வைக்க முடியாது.

அடுத்து அந்த 120 கிராம். இது வாட்ச்சின் மொத்த எடையாகத்தான் இருக்கும். உள்ளே இருக்கும் மெஷின், கண்ணாடி, ஸ்பிரிங் எதுவும் தங்கம் இல்லை. அதையெல்லாம் கழித்து 90 கிராம் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதுவும் நம் 916 நகை இல்லை, 18 காரட்; அதாவது 75 சதவீதம். சுத்தத் தங்கம் 67.5 கிராம்தான். அதை அன்றைய 24 காரட் விலையால் பெருக்கிப் பாருங்கள். 22 லட்சத்தில் மீதி எல்லாம் பெயருக்கும் வேலைப்பாட்டுக்கும் கொடுக்கும் காசு. அவசரத்துக்கு நகைக்கடன் வாங்கவும் பெரும்பாலும் உதவாது.

அதற்காக வாங்கவே கூடாது என்று சொல்லவில்லை. பட்டறை லாபத்தில் தனியாகச் சேர்த்த பணம், ஆசையாகக் கட்டிக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் தாராளமாக வாங்குங்கள். 1956-ல் வந்த நாளிலிருந்து டே-டேட் தங்கத்திலும் பிளாட்டினத்திலும் மட்டுமே செய்யப்படுகிறது. அதைத் தேடி வாங்குபவர்கள் என்றும் உண்டு. ஆனால் அவர்கள் பார்ப்பதை நீங்களும் பார்க்க வேண்டும்.

விவரம் தெரிந்த வாட்ச் மெக்கானிக்கை வைத்து, செயினைக் கழற்றச் சொல்லுங்கள். அந்தக் கால ரோலக்ஸில் செயின் மாட்டும் காதுகளுக்கு நடுவே ஒரு பக்கம் மாடல் எண்ணும் மறுபக்கம் சீரியல் எண்ணும் இருக்கும். அப்புறம் லென்ஸ் வைத்து முத்திரையைப் பாருங்கள். ஸ்விஸ் 18 காரட் வாட்ச்சில் 1995-க்கு முன்பு ஹெல்வேஷியா என்ற பெண்ணின் தலை இருக்கும். அதற்குப் பிறகு செயின்ட் பெர்னார்ட் நாயின் தலை. 1990 வாட்ச் என்று சொல்லி நாய்த் தலை இருந்தால், பேச்சை அங்கேயே நிறுத்தி விளக்கம் கேளுங்கள். திரும்பத் திரும்பப் பாலிஷ் போட்டிருந்தால் காதுகளின் விளிம்பு மழுங்கியிருக்கும்; போனது தங்கம். செயினைப் படுக்கவைத்துப் பிடித்தால் தொய்கிறதா என்றும் பாருங்கள். டயலில் யாரோ பின்னால் பதித்த வைரம் விலையைக் கூட்டாது, குறைக்கும்.

கடைசியாக அந்த ஒரு லட்சம் தள்ளுபடி. ஒருவரிடமிருந்து 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது சட்டப்படி தவறு; பணத்தை வாங்கும் வியாபாரிக்கு அதே தொகை அபராதம் வரலாம். அது அவர் பாடு என்று விட்டுவிடலாம். ஆனால் பில் இல்லாமல் வாங்கினால் சிக்கல் உங்களுக்கு. தங்கமும் கைக்கடிகாரமும் சுங்கச் சட்டத்தில் தனி வகை. கடத்தல் சந்தேகத்தில் அதிகாரிகள் கைப்பற்றினால், அது கடத்தல் பொருள் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. வாட்ச் துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வந்தது என்றால் சுங்கவரி கட்டிய ரசீதையும் கேளுங்கள். பான் எண் கொடுத்து, வங்கி வழியாகப் பணம் செலுத்தி, சீரியல் எண் எழுதிய பில் வாங்குங்கள். 2025 ஏப்ரல் முதல் 10 லட்சத்துக்கு மேற்பட்ட வாட்ச்சுக்குப் பெரிய கடைகள் 1 சதவீதம் டி.சி.எஸ். (விற்பவர் உங்களிடம் முன்கூட்டியே வசூலிக்கும் வருமான வரி) பிடிக்கின்றன, அப்படிப் பிடித்தால் அதை உங்கள் வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.