முதுகில் போட்ட ஊசியைப் பழிக்க வேண்டாம்

கேள்வி: இரண்டாவது குழந்தை பிறந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. சிசேரியன். குழந்தையை ஏணையிலிருந்து தூக்கும்போதும் கிணற்றில் தண்ணீர் அள்ளும்போதும் நாரி உளைகிறது. முதுகில் போட்ட ஊசிதான் காரணம், இனி மாறாது என்கிறார் மாமி. கைபேசியில் பார்த்து, மல்லாந்து படுத்து எழும்பும் பயிற்சி செய்தேன், நோவு கூடிவிட்டது. கச்சான் பிடுங்கும் காலம் வருகிறது. தோட்டத்துக்குப் போகலாமா?
– ஒட்டுசுட்டான் வாசகி

பதில்: முதலில் அந்தப் பயிற்சியை நிறுத்துங்கள். ஊசி குத்திய இடம் சில நாட்கள் நோகும். மாதக்கணக்கில் நீளும் நாரி நோவுக்கு அது காரணமில்லை என்றே ஆய்வுகள் காட்டுகின்றன.

கர்ப்பத்தில் வயிற்றுத் தசைகள் இழுபட்டு, நடுக்கோட்டில் விலகுகின்றன. முள்ளந்தண்டை வயிற்றுப் பக்கமிருந்து தாங்குவது அடிவயிற்றின் ஆழத்தில் குறுக்காக ஓடும் தசை. அது தளர்ந்திருக்க, பாரம் முழுவதும் நாரிக்குப் போகிறது. முழங்காலை மடக்கி மல்லாந்து படுத்துத் தலையை மட்டும் சற்று உயர்த்தி, தொப்புளுக்கு மேலும் கீழும் விரல்களை வைத்துப் பாருங்கள். இரண்டு விரலுக்கு மேல் இடைவெளி இருந்தாலோ, நடுவயிறு மேடாகப் புடைத்தாலோ, விலகல் இன்னும் மூடவில்லை. படுத்து எழும்பும் பயிற்சி அந்த இடத்தைத்தான் வெளியே தள்ளுகிறது. மாமி வயிற்றைக் கட்டச் சொன்னால் மென்மையாகக் கட்டலாம். இறுக்கினால் அமுக்கம் கர்ப்பப்பைப் பக்கம் இறங்கும். துணி தாங்குமே தவிர, தசைக்கு வேலை பழக்காது.

தசைக்கு வேலை பழக்க, பாயில் முழங்காலை மடக்கி மல்லாந்து படுத்து, இடுப்பெலும்பு முனைகளுக்குச் சற்று உள்ளே விரல்களை வையுங்கள். மூச்சை இழுத்து, மெதுவாக விடும்போது சிறுநீரை அடக்குவதுபோல் கீழ்த்தசையை மேலே இழுத்து, அடிவயிற்றை இலேசாக உள்வாங்குங்கள். விரலுக்குக் கீழே மெல்லிய இறுக்கம் தெரிந்தால் சரி. விரலை அது வெளியே தள்ளினால் அளவுக்கு மிஞ்சிவிட்டீர்கள். மூச்சை அடக்காமல் ஐந்து விநாடி பிடித்து விடுங்கள். பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. பழகப் பழகப் பத்து விநாடி வரை கூட்டலாம். சிறுநீர் கழிக்கும்போது இதைச் செய்து பார்க்க வேண்டாம்.

ஓரிரு வாரங்களில், அதே இறுக்கத்துடன் ஒரு குதிக்காலை நிலத்தோடு சறுக்கி நீட்டி மடக்குங்கள். பிறகு இடுப்பை உயர்த்துதல், அதன்பின் தவழும் நிலையில் எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டுதல். வயிறு புடைத்தால் முந்திய படிக்குத் திரும்புங்கள்.

என் கணிப்பில், பாயில் செய்வதைவிட ஏணையடியில் செய்வதே பெரிய மாற்றம் தரும். குனிந்து தூக்காமல், ஒரு முழங்காலை ஊன்றிக் குழந்தையை நெஞ்சோடு அணைத்து, மூச்சை விட்டபடி அடிவயிற்றை இழுத்துக்கொண்டு எழும்புங்கள். வாளியை அரைவாசி நிரப்பி இரு தடவை அள்ளுங்கள். பாலூட்டும்போது சாய்மனை உள்ள கதிரையில் இருந்து, மடியில் தலையணை வைத்துக் குழந்தையை மார்புக்கு உயர்த்துங்கள். நீங்கள் குனிய வேண்டாம்.

காய்ச்சல், கால் மரத்தல் அல்லது பலவீனம், தொடை இடுக்கில் உணர்வின்மை, சிறுநீர் போகாமை, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி நோதல் ஆகியவற்றில் எது இருந்தாலும் பயிற்சியை விட்டு உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். மற்றபடி ஆறு வாரத்தில் குறையாவிட்டால், குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லி, மாவட்டப் பொது வைத்தியசாலையின் இயன்மருத்துவப் பிரிவுக்குக் கடிதம் பெறுங்கள்.

கச்சான்? செடி பிடுங்குவதை இந்தப் போகம் வீட்டிலுள்ள மற்றவர்களிடம் விடுங்கள். குனிந்தபடி இழுப்பது இப்போது உங்கள் நாரிக்கு ஆகாது. நிழலில் இருந்து கச்சான் ஆயலாம், அரை மணிக்கொருமுறை எழும்பி நடந்தால்.