நகையை அடகு வைக்க வேண்டாம்

வணக்கம். பக்கவாதத்தில் விழுந்த அப்பாவின் வலது கைக்கு ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய செல்) ஊசி போட இரண்டு லட்சம் கேட்கிறார்கள், நகையை அடகு வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வைக்காதீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 நெறிமுறைப்படி, ஸ்டெம் செல் சிகிச்சைகளில் ரத்தப் புற்றுநோய் போன்றவற்றுக்கான எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை தவிர மற்றவை ஆய்வு நிலையில்தான் இருக்கின்றன. ஆய்வில் சேரும் நோயாளியிடம் அதற்குப் பணம் வாங்கக் கூடாது.

என் அம்மாவுக்கும் பக்கவாதத்தில் கை இப்படித்தான் ஆனது. மஞ்சக்குப்பம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, கைப் பயிற்சிக்காகப் புளியங்கொட்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி டம்ளரில் போடுவார். முதல் வாரம் ஒன்றுகூட விரலில் நிற்கவில்லை. ஐந்தாம் மாதம் ரவிக்கைக் கொக்கியைத் தானே மாட்டிக்கொண்டார். அன்று நான் அழுதுவிட்டேன்.

கடலூரிலிருந்து புதுச்சேரி ஜிப்மர் அரசு மருத்துவமனைக்கு பஸ்ஸிலேயே போய்விடலாம். இயன்முறை சிகிச்சையை (பிசியோதெரபி) இந்த வாரமே தொடங்குங்கள். அப்பாவுக்கு இப்போது எத்தனையாவது மாதம்?