இடது கால் பிரேக் தேடுகிறதா?

பழைய புல்லட் பைக்கிலிருந்து புது வண்டிக்கு மாறிய பிறகு, அவசரமாக நிறுத்தும்போது இடது கால் பிரேக் என்று தானாகக் கியரை மிதித்துவிடுகிறது என்கிறீர்கள். முதலில் வலது கையைப் பழக்குங்கள். முன் பிரேக் இரண்டு வண்டியிலும் அதே இடம். நிறுத்தும் பலமும் பெரும்பாலும் அதில்தான்.

காரணம், அந்தக் காலத்தில் நீங்கள் ஓட்டிய பழைய புல்லட். அதில் பிரேக் இடது காலில், கியர் வலது காலில், முதல் கியர் மேலே. புது வண்டியில் எல்லாமே தலைகீழ். பிரேக் என்று நினைத்து மிதித்தால் கியர் இறங்கி, பின்சக்கரம் வெட்டி இழுக்கும்.

காலி மைதானத்தில் 20 கி.மீ. வேகத்தில் போய், கிளட்ச்சைப் பிடித்து, முன் பிரேக்கை வெடுக்கென்று இல்லாமல் படிப்படியாக அழுத்தி நிறுத்துங்கள். அப்போது இடது பாதம் அசைகிறதா என்று பாருங்கள். அசையாத வரைக்கும் நெரிசல் சாலை வேண்டாம்.

அப்புறம், புது வண்டியில் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) முன்சக்கரத்துக்கு மட்டும் என்றால், வலது காலில் உள்ள பின் பிரேக்கைப் பலமாக அழுத்தும்போது பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். மணலில், ஈரத்தில் ரொம்பக் கவனம்.