வாசகர் கேள்விகள்: இன்சுலின், கத்தரி, உயிரணு சிகிச்சை

கேள்வி: என் தாயார் சுத்த சைவம். இன்சுலின் பன்றியிலிருந்து எடுக்கப்படுவதாகத் தோழி ஒருவர் சொன்னதிலிருந்து ஊசி போட்டுக்கொள்ள மறுக்கிறார். என்ன சொல்லிப் புரியவைப்பது?
- வாசகி, செம்பூர், மும்பை

பதில்: முதலில், மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளை ஊசியைக்கூட நிறுத்த விடாதீர்கள், ஏற்கெனவே நிறுத்தியிருந்தால் இன்றே அவரிடம் அழைத்துச் செல்லுங்கள். தோழி சொன்னது ஒரு காலத்தில் உண்மையாகவே இருந்தது. 1980களின் தொடக்கம் வரை, இறைச்சிக்கூடங்களிலிருந்து பெறப்பட்ட பன்றி, மாடு ஆகியவற்றின் கணையத்திலிருந்தே இன்சுலின் பிரித்தெடுக்கப்பட்டது. இன்சுலின் புரதத்தை ஆக்கும் 51 அமினோ அமிலங்களில் ஒன்றே ஒன்றுதான் பன்றி இன்சுலினுக்கும் மனித இன்சுலினுக்கும் வேறுபாடு என்பதால் அது நம் உடலிலும் வேலை செய்தது. 1978இல் அமெரிக்க ஆய்வாளர்கள் மனித இன்சுலினுக்குரிய மரபணுவை ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் செலுத்தி அதை உற்பத்தி செய்யவைத்தனர். 1982இல் அது மருந்தாக அனுமதி பெற்றது. இன்று பெரும்பாலும் விற்பனையாவது இவ்வாறு பாக்டீரியாவிலோ ஈஸ்டிலோ தயாராவதுதான். அதற்கு எந்த விலங்கின் கணையமும் தேவையில்லை. புட்டியின் லேபிளைத் தாயாரிடமே காட்டுங்கள். 'ஹியூமன் இன்சுலின்', 'ஆர்டிஎன்ஏ ஆரிஜின்' (மரபணுவை வேறோர் உயிரில் இணைத்துத் தயாரித்தது) என்று அச்சிட்டிருந்தால் அது இந்த வகை. மரபணு மாற்றப்பட்டது அந்த நுண்ணுயிரில்தான். ஊசியில் ஏறுவது சுத்திகரிக்கப்பட்ட புரதம் மட்டுமே.

கேள்வி: மருந்தில் ஏற்றுக்கொண்ட மரபணு மாற்றத்தைக் கத்தரிக்காயில் மட்டும் ஏன் தடுத்தோம்?
- வாசகர், தாராவி, மும்பை

பதில்: இன்சுலின் தரும் நுண்ணுயிர் மூடிய எஃகுக் கலனுக்குள் வளர்கிறது, பயிரோ மகரந்தமும் பூச்சியும் தாராளமாக வந்துபோகும் திறந்த வயலில் நிற்கிறது. ஆகவே ஒன்றுக்குத் தந்த அனுமதியை மற்றொன்றுக்குச் சான்றாகக் காட்ட முடியாது. புழுவைக் கொல்லும் நஞ்சைச் செடியே உண்டாக்கும்படி ஒரு பாக்டீரியாவின் மரபணு சேர்க்கப்பட்டதுதான் பி.டி. கத்தரி. அதற்கு 2009 அக்டோபரில் மத்திய அரசின் மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு இசைவு தந்தது. பல நகரங்களில் மக்கள் கருத்தைக் கேட்டபின், 2010 பிப்ரவரியில் அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அதை நிறுத்திவைத்தார். வங்கதேச விவசாயிகள் 2014 முதல் அதைப் பயிரிடுகின்றனர்.

நாம் கூர்ந்து பார்க்கவேண்டியது, இங்கு 2002இல் அனுமதி பெற்ற பி.டி. பருத்தியை. 450 கிராம் விதைப் பொட்டலத்துடன் 120 கிராம் சாதாரண விதையும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. அதை வயலின் ஓரத்தில் விதைத்தால், அங்கே நஞ்சுக்குப் பழகாத புழுக்கள் பிழைத்து, அந்துப்பூச்சிகளாகி, எதிர்ப்புத்திறன் பெற்றவற்றோடு இனம் கலந்து, அந்த எதிர்ப்புத்திறன் பரவுவதைத் தாமதப்படுத்தும் என்பது ஏற்பாடு. புழுவுக்கென்று நிலத்தை ஒதுக்க மனமில்லாமல் பலர் அதை விதைக்கவேயில்லை. இதுவும் ஒரு காரணமாக, இளஞ்சிவப்புக் காய்ப்புழு பருத்தியில் சேர்க்கப்பட்ட இரண்டு பி.டி. மரபணுக்களின் நஞ்சையும் தாங்கப் பழகிவிட்டது. மகாராஷ்டிரத்தின் விதர்பா பகுதி விவசாயிகள் மீண்டும் பூச்சிமருந்துத் தெளிப்பானைத் தோளில் சுமக்கின்றனர். இதற்கு விஞ்ஞானத்தை மட்டும் குறைசொல்வது நியாயமில்லை. விதியை எழுதிவிட்டு, அது வயலில் நடக்கிறதா என்று பார்க்காமல் விட்டதே பெரிய தவறு என்பது என் உறுதியான எண்ணம்.

கேள்வி: நம் ஊரில் உருவான, புற்றுநோய்க்கான கார்-டி சிகிச்சையில் மாற்றப்படும் மரபணு, பிறக்கும் குழந்தைக்கும் போகுமா?
- வாசகர், மாதுங்கா, மும்பை

பதில்: போகாது. மும்பை ஐஐடியும் டாடா நினைவு மருத்துவமனையும் இணைந்து உருவாக்கி, 2023 அக்டோபரில் அனுமதி பெற்ற நெக்ஸ்கார்19 சிகிச்சையில், நோயாளியின் ரத்தத்திலிருந்து பிரித்த டி உயிரணுக்களில் (நோயை எதிர்க்கும் ஒருவகை வெள்ளணுக்கள்) மட்டுமே புதிய மரபணு சேர்க்கப்படுகிறது. கருமுட்டையிலோ விந்தணுவிலோ அல்ல. எல்லாப் புற்றுநோய்க்கும் இது பொருந்தாது. மற்றச் சிகிச்சைகளுக்குக் கட்டுப்படாத, அல்லது குணமாகித் திரும்பிய, பி உயிரணு எனும் மற்றொரு வகை வெள்ளணுவில் தோன்றும் ரத்தப் புற்றுநோய்களுக்கு மட்டுமே தரப்படுகிறது.