உதவி வேண்டாம் என்று மட்டும் போட்டுவிடாதீர்கள், தம்பி

தம்பி, பிளஸ் டூவில் 588 எடுத்திருக்கிறேன், அமெரிக்காவில் ஹார்வர்டு, எம்ஐடி, ஸ்டான்போர்டு மூன்றுக்கும் போடலாமா, இந்தியர்களுக்கு இத்தனை சீட் என்று ஒதுக்கீடு உண்டா, குளிரை எப்படிச் சமாளிப்பது என்று வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள். குளிர் பெரிய விஷயமில்லை, கோட்டை இங்கே வந்து வாங்கிக்கொள்ளலாம். நாட்டுவாரி ஒதுக்கீடு கிடையாது, கட்-ஆஃப்பும் கிடையாது. 588-ஐ விட்டுவிட்டு 560-ஐ எடுப்பதும் உண்டு. உங்கள் பள்ளியில் என்னென்ன வசதி இருந்தது, அதை வைத்து நீங்கள் என்ன செய்தீர்கள் என்றுதான் பார்ப்பார்கள். எஸ்ஏடி என்ற நுழைவுத் தேர்வை எழுதிவிடுங்கள். எம்ஐடி 2022-லும் ஹார்வர்டு 2024-லும் அதை மறுபடி கட்டாயமாக்கிவிட்டன.

உங்கள் கடைசி வரிதான் என்னை எழுத உட்கார வைத்தது. நிதியுதவி தேவையா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று போடச் சொல்கிறாராம் உங்கள் கோயம்புத்தூர் கன்சல்டன்ட், போய்ச் சேர்ந்த பிறகு வாங்கிக்கொள்ளலாமாம். போடாதீர்கள்.

ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி போன்ற சில இடங்கள் 'நீட் பிளைண்ட்'. நம்மூர் நீட் தேர்வு இல்லை, இந்த நீட் என்றால் ஆங்கிலத்தில் 'தேவை' என்று அர்த்தம். வெளிநாட்டு மாணவனானாலும் உதவி கேட்டானா என்று பார்க்காமல் தேர்வு செய்துவிட்டு, குடும்பத்தால் கட்ட முடியாததை அவர்களே கொடுப்பார்கள். அங்கே 'இல்லை' என்று பொய் சொல்லி ஒரு லாபமும் இல்லை. ஸ்டான்போர்டு அப்படியில்லை. வெளிநாட்டவர் உதவி கேட்டால் தேர்விலேயே அது கணக்கில் வரும். கன்சல்டன்ட் சொல்வதில் இவ்வளவுதான் உண்மை. ஆனால் சேரும்போது கேட்காதவர் நான்கு வருடமும் கேட்க முடியாது என்பதும் அங்கே விதி. ஆண்டுக்கு 80,000 டாலருக்கு மேல் ஆகிறது. அதைக் கன்சல்டன்டா கட்டப்போகிறார்?

1997-ல் எனக்கும் ஒருவர் இதையேதான் சொன்னார், அவரும் கோயம்புத்தூர்க்காரர்தான். நம்பி வந்தேன். சின்னக் கல்லூரி. இறங்கிய இரண்டாம் நாளே நிதியுதவி அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த அம்மா என் ஃபைலைத் திறந்து, நானே போட்ட டிக்கை விரலால் தொட்டுக் காட்டினார். பிறகு டிஷ்யூ பெட்டியை என் பக்கம் தள்ளினார். நான் அழவில்லை, ஆனாலும் ஒன்றை எடுத்துக்கொண்டேன்.

முதல் வருடத்துக்குப் பொள்ளாச்சியில் அரை ஏக்கர் தோப்பு போனது. நான் கல்லூரி மெஸ்ஸில் தட்டு கழுவினேன். மாணவர் விசாவில் படிப்பு நடக்கும்போது வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம், அதுவும் கல்லூரிக்குள் மட்டும். பெல்ட்டில் தட்டு வந்துகொண்டே இருக்கும், ஆவியில் கண்ணாடி மூடிக்கொள்ளும். கடிக்காத பீட்சாத் துண்டைக் குப்பையில் தள்ளும்போதெல்லாம் வீட்டில் என் அம்மா தட்டை வழித்துச் சாப்பிடுவது நினைவுக்கு வரும். இரண்டாம் வருடம் கட்டணம் குறைந்த அரசுப் பல்கலைக்கழகத்துக்கு மாறினேன். அங்கேதான் ஆளானேன்.

அப்புறம், இங்கே இருக்கும் நம்மவர்களிடம் யோசனை கேட்டால், அவர்கள் சொல்வதை அப்படியே நம்பிவிடாதீர்கள். பொங்கல் விழாவில் ஒருவர், தன் பையனின் மார்க்கைப் பார்த்து ஐவி லீக் ஸ்காலர்ஷிப் கொடுத்தது என்று மைக்கில் சொன்னார். ஐவி லீக் என்பது ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் உள்ளிட்ட எட்டுப் பல்கலைக்கழகங்கள்; அந்த எட்டிலும் மார்க்குக்கென்று ஸ்காலர்ஷிப்பே கிடையாது, குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் தருவார்கள். போதாததற்கு அந்தப் பையன் இங்கே பிறந்தவன், வெளிநாட்டவர் கணக்கிலேயே வரமாட்டான். எம்ஐடி இளநிலையில் வெளிநாட்டவர் பத்துக்கு ஒருவர் அளவுதான். உலகம் முழுக்க அந்த இடங்களுக்குத்தான் போட்டி. அந்த வரிசையில் நிற்பது நீங்கள், அவர் பையன் இல்லை.

விண்ணப்பத்தோடு அனுப்பும் கட்டுரையைக் கன்சல்டன்ட் எழுதித் தருவதாகச் சொன்னால் அதையும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உதவி கேட்கிறவர்களிடம் சிஎஸ்எஸ் என்று ஒரு படிவம் கேட்பார்கள். அப்பாவின் வருமானம், கடன், நிலம் எல்லாம் அதில் வரும். அந்தக் காகிதங்களை இந்த மாதமே எடுத்து வையுங்கள். தோப்பு ஏதாவது இருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள், விற்க மட்டும் வேண்டாம்.