பழைய சிட்டி விடெக்குக்கு வேறு எஞ்சின் போடலாமா? கேள்வி பதில்

ஹோண்டா சிட்டியின் முதல் வடிவம் 1998-ல் இந்தியாவுக்கு வந்தது. 2000-ல் வந்த 1.5 லிட்டர் விடெக்கைத்தான் (மேல் சுற்றில் வால்வுகளை அதிகம் திறந்து சக்தியைக் கூட்டும் ஹோண்டா நுட்பம்) இன்றும் பலர் விற்க மனசில்லாமல் வைத்திருக்கிறார்கள். 106 குதிரைத்திறன், சுமார் ஒரு டன் எடை, நிமிடத்துக்கு 7000 சுற்றைத் தொடும் ஆசை. 2003 கடைசியில் வந்த அடுத்த சிட்டி 77 குதிரைத்திறனோடு வந்ததால் இதன் மதிப்பு இன்னும் கூடிவிட்டது. இந்த வண்டியைப் பற்றியும் இதைப்போன்ற இன்னொன்றைப் பற்றியும் வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

அண்ணா, என்னுடையது 2002 விடெக். ஆயிரம் கிலோமீட்டருக்கு முக்கால் லிட்டர் ஆயில் குடிக்கிறது, பிக்கப்பும் குறைந்துவிட்டது. மெக்கானிக் "எஞ்சின் வேலை செய்வதைவிட வேற எஞ்சின் போட்டுடலாம்" என்கிறார். கேட்கலாமா? (வேளச்சேரி)

இப்போதைக்கு வேண்டாம் தம்பி. ஆயில் எந்த வழியாகப் போகிறது என்று தெரியாமல் எஞ்சினை இறக்க விடாதீர்கள்.

முதலில் புகையைப் பாருங்கள். பின்னால் ஒரு நண்பரை இன்னொரு வண்டியில் வரச் சொல்லுங்கள். ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது நீலப்புகை வந்தால் பிஸ்டன் ரிங்கைச் சந்தேகப்படலாம். இறக்கத்தில் காலை எடுத்து, கொஞ்ச தூரம் கழித்து மறுபடி மிதிக்கும்போது குப்பென்று வந்தால் வால்வு சீல். வால்வு சீல் மாற்ற எஞ்சினை இறக்கவே தேவையில்லை. அந்த வேலையோடு ஆயில் செலவு பாதிக்கும் கீழே போன வண்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட். எஞ்சின் சூடாக இருக்க வேண்டும், நான்கு பிளக்கும் வெளியே இருக்க வேண்டும், இக்னிஷனையும் இன்ஜெக்டரையும் துண்டித்துவிட்டு ஆக்ஸிலரேட்டரை முழுசாக மிதித்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும். மிதிக்காமல் எடுத்த அளவு செல்லாது, பக்கத்தில் நின்று பாருங்கள். உங்கள் விடெக்கில் இருப்பது ஹோண்டாவின் டி வரிசை எஞ்சின், அதற்கு ஹோண்டா சொல்லும் அளவு 185 பிஎஸ்ஐ. குறைந்தபட்சம் 135. சிலிண்டருக்கு சிலிண்டர் வித்தியாசம் 28-க்கு மேல் போகக்கூடாது. குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி எடுங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட்.

நான்கும் 160, 165 என்று சீராக வந்தால் அந்த எஞ்சினைத் தொடவே வேண்டாம். பிக்கப் குறைவுக்கு வேறு காரணம் இருக்கும். விடெக்குக்கு ஆயிலைத் திறந்துவிடும் சோலனாய்டுக்குக் கீழே ஒரு சின்ன வலை இருக்கிறது. அது அடைத்திருந்தாலும், ஆயில் அளவு குறைந்திருந்தாலும் விடெக் வேலை செய்யாது, மேல் சுற்றில் வண்டி செத்துப்போன மாதிரி இருக்கும். ஆயில் குடிக்கிற வண்டியில் இரண்டும் சேர்ந்தே வரும்.

சார், வெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்தினால் ஸ்டார்ட் ஆவதில்லை. சாயந்திரம் தானாகவே ஸ்டார்ட் ஆகிறது. எஞ்சின் போய்விட்டது என்கிறார்கள். (மதுரை)

எஞ்சின் எங்கும் போகவில்லை. சாவியை ஆன் செய்து காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். பின் சீட்டுப் பக்கத்திலிருந்து பெட்ரோல் பம்ப் இரண்டு வினாடி உறுமி நிற்க வேண்டும். அந்தச் சத்தம் இல்லையென்றால், டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும், பம்புக்கு மின்சாரம் தரும் மெயின் ரிலேயைக் கழற்றித் திறந்து பாருங்கள். ஈயப் பற்றைச் சுற்றி மெல்லிய மோதிரம் போல விரிசல் தெரியும். சூட்டில் விரிந்து தொடர்பு விட்டுப்போகும், ஆறினால் சேர்ந்துகொள்ளும். அந்தக் கால ஹோண்டாக்கள் எல்லாவற்றுக்கும் உள்ள பழைய வியாதி இது. டிவி ரிப்பேர் செய்பவர்கூட ஈயம் வைத்துத் தருவார். சத்தம் வந்தும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும், தீப்பொறியை இயக்கும் இக்னைட்டரைப் பாருங்கள்.

அண்ணா, என் எஞ்சின் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தாய்லாந்தில் இதே வண்டியில் ஹோண்டாவின் பி16 எஞ்சினைப் போட்டு ஓட்டுகிறார்கள். 160 குதிரை. எனக்கும் அந்த ஆசை. (கோவை)

ஆசை நியாயமானது. இந்தச் சிட்டி 1996-ல் தாய்லாந்தில்தான் முதலில் வந்தது, அடித்தளம் 1980-களின் கடைசியில் வந்த சிவிக்குடையது. அதனால் பி வரிசை எஞ்சினை உட்கார வைக்க வழி உண்டு. டி, பி இரண்டும் ஒரே திசையில்தான் சுற்றும்.

ஆனால் எஞ்சின் மட்டும் வந்தால் போதாது. கியர்பாக்ஸ், மவுண்ட், ஆக்ஸில், ஈசியூ (எஞ்சினை இயக்கும் கணினி), வயரிங், ரேடியேட்டர் எல்லாம் கூடவே வரவேண்டும். அதற்கப்புறம் பிரேக். பின்னால் டிரம் உள்ள வண்டி இது. 106-க்கு அளந்து வைத்த பிரேக்கை நம்பி 160-ல் போகச் சொல்ல எனக்கு மனசு வராது. பி16 எடையும் கூடுதல், அது முழுக்க முன் சக்கரத்தின் மேல் ஏறும். திருப்பத்தில் இந்த வண்டி மூக்கை உள்ளே நுழைக்கும் சுறுசுறுப்புக்காகத்தானே வைத்திருக்கிறோம்? அதில் ஒரு பங்கு போய்விடும்.

இதையெல்லாம் விடப் பெரிய தடை சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரித்த நிறுவனம் கொடுத்த விவரத்துக்கும் ஆர்சி விவரத்துக்கும் வித்தியாசம் வரும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவில், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 1.6 லிட்டர் இரட்டை கேம் எஞ்சின் உங்கள் ஆர்சியில் ஏற வழியே இல்லை. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் எஞ்சின் நம்பரைத்தான் பார்க்கும். எதிரில் வந்தவருக்கு அடிபட்டு, நஷ்டஈடு உங்கள் தலையில் விழுந்தால் வீட்டை விற்க வேண்டியிருக்கும். ரோட்டில் ஓடும் வண்டிக்கு இதைச் செய்யாதீர்கள் என்றுதான் சொல்வேன்.

சிட்டியில் ஹோண்டாவின் கே20 எஞ்சின் போட்டால்? (திருச்சி)

இன்னும் கஷ்டம். கே வரிசை எதிர்த்திசையில் சுற்றும், கியர்பாக்ஸ் மறுபக்கம் வரும், சைலன்சர் பைப் முன்னாலிருந்து பின்னால் போய்விடும். வண்டியின் முன்பாதியையே புதிதாகக் கட்டுவதற்குச் சமம்.

என் பிளாக் வெடித்துவிட்டது, ரீபோர் செய்ய (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்க) முடியாது. அதே மாடல் எஞ்சின் புதுப்பேட்டை பழைய சாமான் கடையில் கிடைக்கிறது. வாங்கலாமா? (தாம்பரம்)

வாங்கலாம், இது வேறு விஷயம். அதே ரக எஞ்சினை ஆர்டிஓ அனுமதியோடு மாற்றலாம். அனுமதியை முன்கூட்டியே வாங்குங்கள். அனுமதியில்லாமல் மாற்றியிருந்தால் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது.

கடையில் எஞ்சின் நம்பர் எழுதிய பில் கேளுங்கள். எந்த வண்டியிலிருந்து வந்தது, அதன் ஆர்சி நகல் இருக்கிறதா என்று கேளுங்கள். "பில்லெல்லாம் எதுக்கு சார்" என்றால் அந்த இடத்தை விட்டுக் கிளம்புங்கள். திருட்டு வண்டி எஞ்சினாக இருந்தால் மாட்டுவது நீங்கள். நம்பர் பொறித்த இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். வார்ப்பின் சொரசொரப்புக்கு நடுவே அந்த இடம் மட்டும் கிரைண்டர் பட்டு வழவழப்பாக இருந்தால் தொடாதீர்கள். உங்கள் வண்டி 15 வருஷம் தாண்டியது, ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆர்சி புதுப்பிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அந்த நம்பர் மேல் காகிதம் வைத்து பென்சிலால் தேய்த்து எடுப்பார்கள்.

மாட்டும் முன் டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், பின்பக்க ஆயில் சீல், கிளட்ச் நான்கையும் புதிதாகப் போட்டுவிடுங்கள். வெளியே இருக்கும்போது அரை நாள் வேலை. ஓடும்போது பெல்ட் அறுந்தால் வால்வு பிஸ்டனில் முட்டும், வாங்கிய எஞ்சினும் போய்விடும். ஆர்சியில் நம்பர் மாறியதும் இன்சூரன்ஸிலும் மாற்றச் சொல்லிக் கடிதம் கொடுங்கள்.

லண்டனிலிருந்து எழுதுகிறேன் அண்ணா. 2001 டொயோட்டா எம்ஆர்2 வாங்கினேன், ஆயில் குடிக்கிறது. டொயோட்டாவின் 2இசட்இசட் எஞ்சின் போடலாமா?

உங்களுக்கு நான் தைரியமாக "யோசியுங்கள்" என்பேன். உங்கள் வண்டியில் இருக்கும் ஆரம்ப கால 1இசட்இசட் எஞ்சினில் பிஸ்டனின் ஆயில் துளைகள் சின்னவை. அடைத்து ரிங் ஒட்டிக்கொள்ளும். போதாக்குறைக்கு மேனிஃபோல்டுக்குள் இருக்கும், புகையைச் சுத்தமாக்கும் சின்ன கேட்டலிஸ்ட் பொடிந்து அந்தத் தூள் சிலிண்டருக்குள் இழுபட்டு பிஸ்டனை அரைக்கும். அதனால் எப்படியும் இந்த எஞ்சினில் கைவைக்க வேண்டிய நாள் வரும். செலிகாவிலும் லோட்டஸ் எலீஸிலும் வந்த 2இசட்இசட், இதன் உறவுக்காரன். இடத்தில் நன்றாகவே உட்காரும். ஈசியூ, வயரிங், ஆறு கியர் பெட்டி மூன்றும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். 6200 சுற்றுக்கு மேல் அதன் குரல் மாறுவதை ஒருமுறை கேட்டால் செலவு மறந்துவிடும். ஆனால் அங்கேயும் டிவிஎல்ஏவுக்கு (வண்டிப் பதிவு அலுவலகம்) தெரிவித்து வி5சி பதிவுச் சான்றில் எஞ்சின் நம்பரை மாற்ற வேண்டும், இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

என் சிட்டியை ரோட்டிலேயே ஓட்டப்போவதில்லை. டிரெய்லரில் ஏற்றி இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்கு மட்டும். (சென்னை)

அப்படியானால் பி16 தாராளமாகப் போடுங்கள். முதல் காசை மட்டும், வண்டி கவிழ்ந்தால் உங்களைக் காக்கும் ரோல் கேஜுக்கும் பிரேக்குக்கும் செலவழியுங்கள்.

எஞ்சின் வேலைக்கு முடிவு செய்துவிட்டேன் சார். காசு கொடுப்பதற்கு முன் வேறு என்ன பார்க்கணும்? (பெசன்ட் நகர்)

கடற்கரைப் பக்கம் ஓடிய வண்டி, அதனால் துருவைப் பாருங்கள். தரை விரிப்பைத் தூக்கி ஈரம் இருக்கிறதா பாருங்கள். பின் சக்கர வளைவின் உள்விளிம்பு, கதவுக்குக் கீழே இருக்கும் பக்கவாட்டுப் பெட்டி, முன் சஸ்பென்ஷன் மேலே பிடிக்கும் இடம், இந்த மூன்றையும் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். வளைவில் ஓட்டை விழுந்தால் வெல்டு வைக்கலாம். சஸ்பென்ஷன் பிடிக்கும் இடத்தில் ஸ்க்ரூடிரைவர் உள்ளே போனால் எஞ்சின் காசைக் கையில் வைத்துக்கொண்டு வேறு பாடி தேடுங்கள்.